விமானத்திலும் கூட்ஸ் வண்டி, மெயில் வண்டி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பில் பைலட் வேலையைப் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 200 மணி நேரம் பறந்தால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. கடைசிப் பத்தியில், 'சிறிய ஊர்களுக்குப் பறக்கும் பிராந்திய நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால் சில ஆண்டுகளில் கேப்டன் ஆகலாம், பிறகு பெரிய நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள்தான் என் மகள் ஏழு வருஷமாக இருக்கிறாள். அதனால் இந்தக் கடிதம்.

நான் ரயில்வேயில் 38 வருஷம் ஓட்டினவன். மீட்டர்கேஜ் காலத்தில் சேர்ந்து, அசிஸ்டன்ட், ஷண்டர், கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர், கடைசியில் மெயில் டிரைவர் என்று படிப்படியாக வந்து 2019-ல் ஓய்வு பெற்றேன். எங்கள் சீனியாரிட்டி லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கும். எனக்கு முன்னால் எத்தனை பேர், அதில் யார் எந்த மாதம் ரிட்டயர் ஆகிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மணியாச்சியில் நடுராத்திரி சிக்னல் கிடைக்காமல் கூட்ஸ் வண்டியோடு காத்துக் கிடந்தாலும், இன்னும் மூன்று பேர் போனால் நமக்குப் பாசஞ்சர் வண்டி என்ற கணக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். கூட்ஸில் இருந்து பாசஞ்சருக்கு மாறிய அன்று யாரும் என்னை மறுபடி அசிஸ்டன்ட் சீட்டில் உட்காரச் சொல்லவில்லை.

மகள் பைலட் ஆக வேண்டும் என்றபோது இதே மாதிரி ஒரு ஏணி அங்கேயும் இருக்கும் என்றுதான் நினைத்தேன். சேரன்மகாதேவி பக்கம் அப்பா வைத்துவிட்டுப் போன ஒரு கோட்டை விதைப்பாட்டு நஞ்சையை விற்றேன். மீதிக்கு வங்கிக் கடன். பயிற்சி முடித்து லைசென்ஸ் கைக்கு வந்தபோது 45 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், 'டைப் ரேட்டிங்' என்று அடுத்த செலவு வந்து நின்றது. லைசென்ஸ் இருந்தாலும், எந்த ரக விமானத்தை ஓட்டப் போகிறாளோ அந்த ரகத்துக்குத் தனியாகப் பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். அது இன்னொரு 14 லட்சம். நம் ஊரில் சொந்தக்காரர்கள், "பிள்ளைதான் பைலட் ஆயிட்டாளே, இனி என்ன அண்ணாச்சி கவலை" என்பார்கள். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் அவள் பெருமாள்புரம் வீட்டு மாடியில் பரீட்சைப் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தது எனக்கும் அவள் அம்மாவுக்கும்தான் தெரியும்.

2019-ல் ஒரு சின்ன கம்பெனியில் ஏடிஆர் விமானத்துக்குக் கோ-பைலட் வேலை கிடைத்தது. இறக்கையில் இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றும் விமானம். எங்கள் பக்கத்துத் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இத்தனை வருஷமாக வந்து இறங்கியதெல்லாம் இந்த மாதிரி விமானங்கள்தான், ஏனென்றால் பழைய ஓடுதளம் 1,350 மீட்டர்தான். பல ஏடிஆர்களில் 78 இருக்கை இருக்கும். அது என்ன 78 என்று மகளிடம் ஒருநாள் கேட்டேன். 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்கு இறங்குகிற கட்டணம் கிடையாதாம். சின்ன ஊருக்குச் சின்ன விமானம் ஓடுவதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோ-பைலட் கேப்டன் ஆக வேண்டுமென்றால் ஏடிபிஎல் என்கிற அடுத்த லைசென்ஸ் வேண்டும். அதற்கு 21 வயதும் மொத்தம் 1,500 மணி நேரப் பறப்பும் தேவை, தேர்வுகள் தனி. பயிற்சிப் பள்ளியில் கிடைத்த 200 போக மீதி 1,300 மணி நேரத்தை வேலையில்தான் சேர்க்க வேண்டும். சட்டப்படி ஒரு பைலட் வருஷத்துக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. அப்படியானால் இரண்டு வருஷத்தில் ஆகிவிடுமே என்று நானும் விரல் விட்டு எண்ணினேன். 1,000 என்பது மேல் வரம்பு மட்டும்தான். கீழே எத்தனை என்பதைக் கம்பெனியிடம் பறக்கிற நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும்.

மகளின் முதல் கம்பெனியில் விளம்பரத்தில் காட்டிய விமானங்களில் பாதிதான் ஆகாயத்தில் இருந்தன. ஒன்று உதிரிப்பாகம் வராமல் நிற்கும், இன்னொன்று வாடகை பாக்கியில் நிற்கும். அடுத்த வருஷமே கொரோனா வந்தது. எங்கள் ரன்னிங் ஸ்டாஃபுக்குக் கிலோமீட்டர் அலவன்ஸ் போல அவர்களுக்குப் பறந்த மணி நேரத்துக்கு ஏற்பச் சம்பளம் ஏறி இறங்கும். பறந்த நேரத்தைக் குறித்து வைக்கும் அவள் லாக் புக்கில் ஒரு மாதம் வெறும் 11 மணி நேரம்தான் இருந்தது. எனக்குச் சம்பளக் குறைவு கூடப் பெரிதாகப் படவில்லை. அந்த 11-தான் உறுத்தியது. நாங்கள் டிரைவர்கள், வண்டி ரத்தானாலும் சீனியாரிட்டி வீட்டில் இருக்கும்போதே வளரும். இவர்களுக்கு விமானம் தரையில் நின்றால் எல்லாமே நின்றுவிடுகிறது. 90 நாளில் மூன்று முறையாவது ஏற்றி இறக்கியிருக்கவில்லை என்றால் பயணிகளை வைத்து ஓட்டவே முடியாது, மறுபடி சிமுலேட்டரில், அதாவது தரையில் இருக்கும் மாதிரி விமானத்தில், போய்ச் செய்து காட்ட வேண்டும்.

சம்பளம் நான்கு மாதம் தள்ளிப்போன பிறகு அவள் வேறு கம்பெனிக்கு மாறினாள். 2017-ல் வந்த விதிப்படி கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருஷமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 'உடனே வாங்க' என்று கூப்பிட்ட முதல் இடம் இந்த ஆறு மாதத்தில் கைவிட்டுப் போனது. கடைசியில் இன்னொரு பிராந்திய நிறுவனத்தில் அதே ஏடிஆரில் இடம் கிடைத்தது. முதல் கம்பெனியில் கேப்டன் ஆவதற்கான வரிசையில் அவள் 11-வது ஆள். புது இடத்தில் 34. அதே பிள்ளை, அதே விமானம், லாக் புக்கில் அதே மணி நேரம். வரிசை மட்டும் கம்பெனிக்குச் சொந்தமாம், அதைக் கழற்றிக்கொண்டு வர முடியாதாம். மதுரை டிவிஷனில் இருந்து திருவனந்தபுரம் டிவிஷனுக்கு நாமாகக் கேட்டுப் போனால் எங்களுக்கும் சீனியாரிட்டி அடிபடும். ஆனால் மதுரை டிவிஷன் ஒருநாள் காலையில் காணாமல் போகாது. விமானத்தில் அதுவும் நடக்கும். ஏர் டெக்கான் 2003-ல் ஏடிஆரோடு கிளம்பியது, கிங்ஃபிஷரோடு கலந்தது, கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. மதுரைக்காரர்கள் தொடங்கிய பாரமவுண்ட் 2005-ல் வந்தது, 2010-ல் இல்லை. பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை: 2019-ல் ஜெட் ஏர்வேஸ், 2023-ல் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை இருந்திருக்கும், அதில் 11-வதாக ஒருவர் நின்றிருப்பார்.

இதைப் படித்துவிட்டு, சின்ன விமானமே வேண்டாம் என்கிறான் இந்தக் கிழவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மகள் கற்றுக்கொண்ட தொழில் முழுக்க ஏடிஆர் கொடுத்தது. டெல்லி போகிற ஏர்பஸ்ஸில் இருப்பவருக்கு ஒரு தடவை ஏறி இறங்கினால் மூன்று மணி நேரம் லாக் புக்கில் ஏறும். இவள் ஒரு நாளில் நான்கு தடவை ஏறி இறங்கினாலும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டுவது கஷ்டம். ஆனால் அந்த நான்கு இறக்கம் இருக்கிறதே! ஏடிஆர் 25,000 அடிக்கு மேல் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் எழும்பும் மேகத்துக்கு மேலே ஏறித் தாண்டலாம் என்ற பேச்சே இல்லை, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஒரு ஐப்பசி மாலையில் வாகைக்குளத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டு, மழை விடாததால் மதுரைக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். நான் குடையோடு விமான நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அன்று ராத்திரி போனில், "அப்பா, சிக்னல் கிடைக்காம அவுட்டர்ல நிக்கிற மாதிரிதான், என்ன, இங்க நிக்க முடியாது, சுத்திக்கிட்டே இருக்கணும்" என்றாள். அந்த ஒரு பேச்சில் அவள் என்னைவிட நல்ல டிரைவர் என்று தெரிந்துகொண்டேன்.

ஏடிபிஎல் 2024-ல் வாங்கிவிட்டாள். இப்போது வரிசையில் ஆறாவது. ஒன்று, ஒன்றரை வருஷத்தில் கேப்டன் பயிற்சிக்குக் கூப்பிடலாம். தோளில் நான்கு பட்டை, இடது பக்கச் சீட். சரியாக இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பெனி ஏர்பஸ்ஸுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. எதற்கு? மறுபடியும் கோ-பைலட்டாக, வரிசையின் அடியில் இருந்து.

வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சு. நான் சொல்வது, முதலில் இங்கே கேப்டன் ஆகு, கேப்டனாக ஓட்டிய மணி நேரத்துக்கு எங்கே போனாலும் மதிப்பு உண்டு. அவள் சொல்வது வேறு. "கேப்டன் ஆன பிறகு விடணும்னா ஒரு வருஷ நோட்டீஸ். அதுக்குள்ள நாற்பதை நெருங்கிருவேன். அங்க போனா 25 வயசுப் பையனுக்குப் பின்னாடி நிக்கணும்பா." பைலட்டுகள் 65 வயது வரை பறக்கலாம் என்பதால் எனக்கு அதில் பெரிய அவசரம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது. நாட்டில் விமான நிறுவனங்கள் ஆர்டர் கொடுத்திருக்கும் நூற்றுக்கணக்கான விமானங்களில் பெரும்பாலானவை ஏர்பஸ், போயிங் ஜெட்டுகள் என்பதையும் அவள் சுட்டிக்காட்டுகிறாள்.

போதாததற்கு வாகைக்குளம். 2025 ஜூலையில் பிரதமர் வந்து புது முனையத்தைத் திறந்தார். ஓடுதளம் 3,115 மீட்டர் ஆகிவிட்டது, ஏர்பஸ் ரகமே இறங்கலாம். ஊரே சந்தோஷப்பட்டது, நானும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இங்கே ஜெட் வரத் தொடங்கினால் காற்றாடி விமானத்துக்கு இங்கே என்ன வேலை? அது சேலம் மாதிரி வேறு சின்ன ஊருக்குப் போகும். போனால் சரி. சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு கொண்டு வந்த உடான் திட்டத்தில் ஒரு ரூட்டுக்கு மானியம் மூன்று வருஷம், அது முடிந்தவுடன் மூட்டை கட்டிய ரூட்டுகள் பல. ரூட் போனால் கோ-பைலட்டின் மணி நேரமும் போகிறது என்பதை மானியம் கொடுப்பவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை இந்தப் பக்கத்தைப் போடும்போது முதல் மாதச் சம்பளத்தைக் கொட்டை எழுத்தில் போடுவதற்குப் பதிலாக, சேரப்போகும் கம்பெனியில் என்னென்ன விசாரிக்க வேண்டும் என்று போடுங்கள். எத்தனை விமானம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் போதாது, இன்றைக்கு எத்தனை பறக்கிறது என்று கேட்க வேண்டும். அங்கே இருக்கும் கோ-பைலட்டுக்குப் போன மாதம் எத்தனை மணி நேரம் கிடைத்தது, கடைசி இரண்டு வருஷத்தில் உள்ளிருந்து எத்தனை பேர் கேப்டன் ஆனார்கள் அல்லது வெளியில் இருந்து கேப்டன்களைக் கொண்டு வருகிறார்களா, டைப் ரேட்டிங் செலவு யார் தலையில், வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் எத்தனை வருஷம், இதையெல்லாம் கேட்க வேண்டும். கம்பெனி வாசலில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. 38 வருஷம் ரயில் ஓட்டினவனுக்கு ஏணி என்றால் சுவரில் சாய்த்து வைத்ததுதான் தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் இருந்து என் பழைய அசிஸ்டன்ட் ஒருவர் வரும் ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். வயல் பத்திரத்தையும் எடுத்து வரட்டுமா என்று போனில் கேட்டார். பத்திரம் அங்கேயே இருக்கட்டும், பையன் மட்டும் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அன்று மகளுக்கும் ஆஃப். லாக் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு அவளே பேசட்டும். அந்த 11 மணி நேர மாதத்தையும் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை.

(மகள் இன்னும் வேலையில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)