கல்வெட்டும் வாரக் கெடுவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'பொன்னியின் செல்வன்' பற்றிப் பேச்சு வந்தாலே கல்கியின் கற்பனையைப் புகழ்கிறோம். சரி, அவர் பட்ட பாட்டை யார் பேசுவது?

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. ராஜராஜனின் அண்ணனும் சோழ இளவரசனுமான ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்த விவரம் அதில் இருக்கிறது. ஏன் கொன்றார்கள் என்று ஒரு வரி கிடையாது. அந்த இடைவெளியில்தான் நந்தினி என்ற பெண்ணையே உண்டாக்கி உலவவிட்டார் மனிதர். இதையெல்லாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து யோசித்து எழுத அவருக்கு வாய்க்கவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் அத்தியாயம் அச்சுக்குப் போயாக வேண்டும். தொடர் வெளிவந்த 'கல்கி' பத்திரிகையின் ஆசிரியரும் அவரேதான். தலையங்கமும் எழுத வேண்டும். ஓவியர் மணியத்தை இலங்கைக்கே அழைத்துப்போய் இடங்களைக் காட்டியது வேறு. தொடர் முடிந்த அதே 1954-இல், டிசம்பர் 5 அன்று, 55 வயதில் காலமானார். அவர் பாதியில் விட்ட 'அமரதாரா' நாவலை மகள் ஆனந்திதான் முடிக்க வேண்டியிருந்தது.

இன்று வரும் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் மணியத்தின் படங்கள் இல்லை. முடிவு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கல்கியே பதில் சொன்ன முடிவுரையையாவது எல்லாப் பதிப்பாளர்களும் தவறாமல் சேர்க்க வேண்டும். உடையார்குடிக் கல்வெட்டு வாசகத்தையும் பின்னிணைப்பாகப் போட்டால் இன்னும் நல்லது. கூடுதலாக இரண்டு பக்கம், அவ்வளவுதானே!

– ஒரு வாசகர், சிதம்பரம்