மரத்துக்கு முன்னால் ஸ்க்ரூவைப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒருவர் கையில் ஒரு பலகையோடு கடைக்கு வந்தார். மூன்று வருடத்துக்கு முன் நம்மிடம் தேக்கு வாங்கித் தோட்டத்துச் சாளை வாசலில் டெக், அதாவது மரப்பலகைத் தளம், போட்டவர். "மரம் கெட்டுப் போச்சுங்க" என்றார். மேசையில் வைத்துப் பார்த்தோம். பலகை கல் மாதிரி இருந்தது. ஸ்க்ரூ இறங்கிய இடத்தைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் அந்த இடம் தூளாக உதிர்ந்தது, ஸ்க்ரூவின் தலை கையோடு வந்துவிட்டது. அது ஜிப்சம் போர்டுக்குப் போடுகிற கறுப்பு ஸ்க்ரூ. மரம் கொடுத்த அன்றே, எதை வைத்து முடுக்கப் போகிறீர்கள் என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

தேக்கு, கருவேலம் போன்ற மரங்களில் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரத்தில் இரும்பு அதோடு சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காய்த் தண்ணீரில் துரு இரும்பைச் சேர்த்துக் கறுப்புச் சாயம் எடுப்பார்களே, அதேதான். துரு ஏற ஏற மரத்தின் நாரும் இற்றுப்போகும். மழை படுகிற இடத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் வாங்க வேண்டும், அதிலும் 304 என்கிற ரகம். நம் ஊரில் கடல் காற்று கிடையாது, 304 போதும். நீச்சல் குளத்தை ஒட்டிப் போடுகிறவர்கள் மட்டும் 316 கேளுங்கள்.

304தானா என்று காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 410 ரகம் காந்தத்தில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் துருவும் பிடிக்கும், அதைக் கழித்துவிடலாம். ஆனால் நிக்கல் குறைந்த 202 ரகமும் 304 மாதிரியே காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. போல்ட் என்றால் தலையில் ஏ2 என்று அச்சு இருக்கிறதா பாருங்கள், அது 304 வகையைச் சேர்ந்தது. ஸ்க்ரூ என்றால் பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். எங்களிடமும் அப்படியே கேளுங்கள்.

எவ்வளவு தேவைப்படும்? பத்துக்குப் பன்னிரண்டு அடி டெக்குக்கு, நாலங்குலப் பலகை, அதற்கு அடியில் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சட்டம் என்று வைத்தால், ஒவ்வொரு சட்டத்திலும் பலகைக்கு இரண்டு ஸ்க்ரூ வீதம் ஏறக்குறைய 600 வரும். இந்த எண்ணைப் பார்த்ததும்தான் எல்லோருக்கும் விலை குறைந்த ஸ்க்ரூ ஞாபகம் வருகிறது. மரச்செலவில் நாலு பலகையைக் குறைத்துக்கொண்டு டெக்கைச் சின்னதாகப் போட்டாலும் சரி, இங்கே குறைக்காதீர்கள்.

ஒரு அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஸ்க்ரூ சரியாக இருக்கும். ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மெது, வைரம் பாய்ந்த கட்டையில் நேராக முடுக்கினால் முறியும். முதலில் டிரில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அடியில் இரும்பு பாக்ஸ் பைப் என்றாலும் இதேதான்: தானே துளைத்துக்கொண்டு இறங்குகிற ஸ்க்ரூ பெரும்பாலும் 304 ஆக இருக்காது, ஏனென்றால் 304க்கு இரும்பைத் துளைக்கிற கடினம் இல்லை.

அப்புறம் மரம். தேக்கில் வைரப்பகுதிதான் வெளியில் தாங்கும், ஓரத்து வெள்ளையைக் கரையான் விடாது. வேங்கையும் உழைக்கும், ஆனால் நனைந்தால் சாயம் இறங்கும். கீழே வெள்ளை டைல்ஸ் இருந்தால் வேண்டாம். வேர்வாடல் நோயில் வெட்டிய தென்னையைப் பலகையாக அறுக்கலாமா என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் கேட்கிறார்கள். முற்றிய மரத்தின் வெளிப்புறக் கட்டை கூரைக்கடியில் நன்றாக உழைக்கும். திறந்த வெளி மழையில் நிற்காது. ஆசையாக வளர்த்த மரம் என்பது தெரியும், உள்ளே பெஞ்சாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவையில் இயந்திரம் வந்து இறங்குகிற பைன் பெட்டிகளைப் பிரித்து வாங்குகிறவர்களும் உண்டு. அதில் இருக்கும் எச்.டி. (HT) முத்திரை, பூச்சி சாக 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியதற்கு அடையாளம். மருந்து ஏற்றிய மரம் என்று அதற்கு அர்த்தம் இல்லை, கரையான் தாராளமாக வரும். செம்பு மருந்து ஏற்றிய பைன் வேறு சரக்கு. அதில் சாதாரண மஞ்சள் முலாம் ஸ்க்ரூவை மருந்தே அரித்துவிடும்.

பலகைக்குப் பலகை நாலங்குல ஆணி ஒன்றை இடையில் வைத்து இடைவெளி விடுங்கள், ஐப்பசி மழையில் மரம் உப்புவதற்கு இடம் வேண்டும். மொட்டை மாடியில் தளத்தைத் துளைத்துச் சட்டத்தைப் பிடிக்க வேண்டாம், கீழ் வீட்டுச் சீலிங் ஒழுகும். சட்டத்துக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து நிறுத்தினால் தண்ணீரும் ஓடிவிடும்.

அந்தச் சாளைக்காரருடைய டெக்கைப் பிரிக்க வேண்டியதில்லை. பழைய சட்டத்தை ஒட்டி ஒரு துணைச் சட்டம் கொடுத்து, கறுக்காத இடத்தில் புது ஸ்க்ரூ இறக்கச் சொல்லி ஆசாரியிடம் பேசியிருக்கிறோம். ஸ்க்ரூவுக்கு நாங்கள் காசு வாங்கவில்லை. நம்மிடம் மரம் வாங்கிக் கறுப்பு ஸ்க்ரூ போட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மரக்கடை,
பொள்ளாச்சி