ஏர் ஃபில்டரைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? கார் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்திலும் ஏற்காட்டிலும் கார் பாலிசி விற்கும் நிறுவனங்களுக்கு, வணக்கம்.

கேள்வி சின்னதுதான். கார் கம்பெனி கொடுத்த, இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் காகித ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரை அதே பெட்டிக்குள் போட்டால் உங்களிடம் சொல்ல வேண்டுமா? ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டேன், "அதெல்லாம் யாரு சார் பானட்டைத் திறந்து பாக்கப் போறாங்க" என்றார். கால் சென்டரில் கேட்டால், வண்டியில் எந்த மாற்றம் செய்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று முன்னால் இருப்பதைப் படிக்கிறார்கள். சரி, எங்கே தெரிவிப்பது? புதுப்பிக்கும் பக்கத்தில் மின் சாதனங்களின் மதிப்பு, மற்ற ஆக்ஸஸரிகளின் மதிப்பு, கேஸ் கிட் உண்டா என்று கேட்கிறீர்கள். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்த 2002 மோட்டார் டாரிஃப் என்ற கட்டண விதிகள் காலத்துக் கட்டங்கள் இவை. ஃபில்டர் இதில் எதில் வரும்? ஆக்ஸஸரி என்று நான் எழுதினால் அதன் மதிப்புக்கும் சேர்த்து பிரீமியம் வாங்கிக்கொள்வீர்கள், ஆனால் அது ஆக்ஸஸரியா இல்லை இன்ஜினில் செய்த மாற்றமா என்பது கிளைம் போட்ட பிறகுதான் முடிவாகும், அதுவும் சேதத்தை மதிப்பிட நீங்கள் அனுப்பும் சர்வேயரின் பேனாவால்.

கடைக்காரர்களுக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த ஃபில்டரால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதுதான் என் கட்சி. ஏற்காடு ஏறும்போது கார் இழுக்கவில்லை என்று சொல்லித்தான் இங்கே பாதிப் பேர் வாங்குகிறார்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தியே கீழே இருப்பதைவிட பத்து சதவீதத்துக்கும் மேல் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கத்தான் செய்யும், டர்போ இருந்தால் ஓரளவு சமாளிக்கும். மலையில் இல்லாத காற்றை எந்த ஃபில்டர் கொண்டுவந்து தரும்?

மைலேஜ் கதையும் இப்படித்தான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009ல் சோதித்துப் பார்த்தது: இன்றைய ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைத்துப்போன ஃபில்டரை மாற்றினால்கூட மைலேஜ் கூடுவதில்லை, பிக்கப்தான் கூடுகிறது. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடி கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில்தான் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. அடைத்த ஃபில்டருக்கே இவ்வளவுதான் என்றால், சுத்தமான காகித ஃபில்டரைத் தூக்கிப்போட்டுவிட்டு அதைவிடப் பல மடங்கு விலையில் கே அண்ட் என் கம்பெனியின் பருத்தி ஃபில்டரை வாங்கி மாட்டுகிறவருக்கு என்ன கிடைக்கும்? கழுவித் திரும்பப் போடலாம் என்பது உண்மை. ஆனால் கழுவிய பிறகு எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிட்டால் அது காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து வேறு செலவு வைக்கும்.

அப்புறம் நம்ம ஊர் தூசி. மாமாங்கம், கருப்பூர் பக்கம் மேக்னசைட் தாது ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓட்டுகிறவருக்கு ஃபில்டரின் முதல் வேலை தூசியைப் பிடிப்பது, காற்றை அள்ளிவிடுவது இல்லை. இந்தச் சாலைகளில் குறித்த கிலோமீட்டருக்கு முன்பே காகித ஃபில்டரை மாற்றினால் போதும், சில நூறு ரூபாய்தான் ஆகும்.

ஆனாலும் ஒருவர் ஆசைப்பட்டு மாட்டினால் அது அவர் காசு. உங்களுக்கு அதில் என்ன அக்கறை இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மடல். அதே பெட்டிக்குள் உட்காரும் மாற்று ஃபில்டர் வேறு, பெட்டியையே தூக்கிவிட்டு வெறும் கூம்பு ஃபில்டரை பானட்டுக்குள் தொங்கவிடுவது வேறு. இரண்டாவது வகை சில கிட்களில் பம்பர் அருகே தாழ்வாக இறங்குகிறது. மழைநாளில் தேங்கிய தண்ணீரில் வண்டியை விட்டால் இன்ஜின் தண்ணீரைக் குடித்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் வாங்கி நீங்கள் விற்கும் பாதுகாப்பு இதற்குத்தான், ஆகவே இதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதல் வகையால் உங்களுக்கு என்ன அபாயம்? தூசி போய் இன்ஜின் தேய்ந்தால் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பாலிசியில் கிடையாது என்று ஏற்கனவே எழுதி வைத்திருக்கிறீர்கள். கார் திருடுபோனாலோ பின்னால் வந்த பஸ் இடித்தாலோ ஃபில்டருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டியபோது பறிகொடுத்தவர் வழக்கில், அந்த விதிமீறலுக்கும் திருட்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்லி கிளைமில் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2008லேயே.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவைக் காட்டி, 2019ல் உச்ச நீதிமன்றமே வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டதே என்கிறார்கள் சிலர். அந்தப் பிரிவு ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறுவதைப் பற்றியது. ஆர்.சி.யில் இன்ஜின் எண், சி.சி., எரிபொருள், நிறம் எல்லாம் இருக்கும், ஏர் ஃபில்டர் இருக்காது.

பிரிட்டனில் 2012ல் ஒரு சட்டம் போட்டார்கள். எல்லாவற்றையும் வாடிக்கையாளரே தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும் என்ற பழைய கடமையை எடுத்துவிட்டு, நிறுவனம் கேட்கும் கேள்விக்குக் கவனமாக உண்மையைச் சொன்னால் போதும் என்று வைத்தார்கள். அதனால் அங்கே கேள்வியை ஒழுங்காகக் கேட்டாக வேண்டும், ஃபில்டரைக்கூடப் பேர் சொல்லிக் கேட்கிறார்கள். இங்கே முக்கியமான எதையும் மறைக்கக் கூடாது என்ற பழைய நெறி அப்படியே இருக்கிறது, எது முக்கியம் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: காற்று உள்ளே வரும் பெட்டியோ குழாயோ மாற்றப்பட்டுள்ளதா? ஆம் என்றால் விவரம். அதே அளவில் போடும் மாற்று ஃபில்டரைச் சொல்லத் தேவையில்லை என்று பக்கத்திலேயே போடுங்கள், இல்லை, அதையும் சொல்லியே ஆக வேண்டும் என்பது உங்கள் முடிவானால் அதையாவது போடுங்கள். அதுவரை என்னைக் கேட்கும் நண்பர்களிடம், ஃபில்டர் பில்லோடு உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டுப் பாலிசியில் அதைக் குறித்துத் தரும் என்டார்ஸ்மென்ட் கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த மெயில்களுக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள், போன் செய்து "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்" என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு கார் உரிமையாளர்