எங்கள் ஆய்வைச் சுமந்தவர்களுக்கு நன்றி

நீரிழிவு உள்ளவர்களின் சிறுநீரகம் பற்றிய என் ஆய்வுக்கு இரத்தம் சேகரிக்கும் வேலை போன கிழமையோடு முடிந்தது. அறிக்கையின் முகப்பில் என் பெயர் வரும். நன்றியுரைக்கு உள்ளே அரைப் பக்கம்தான் இடம். அது போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போதனா வைத்தியசாலை ஆய்வுகூடத்து அண்ணாவுக்கு. திருகோணமலையில் எடுத்த இரத்தத்தை மூதூர், வெருகல், வாகரை வழியாக ஐஸ் பெட்டியில் மட்டக்களப்புக்கு அனுப்பினோம். முதல் பெட்டி போய்ச் சேர்ந்த அன்றே அழைத்தார். "தங்கச்சி, மூன்று குழாய் சிவந்து கிடக்கு. வழியில குலுங்கியிருக்கு. ஏத்துறதுக்கு முதல் மெஷினில சுத்தி, சீரத்தைப் பிரிச்சு அனுப்புங்கோ." சீரம் என்பது இரத்தம் உறைந்தபின் பிரியும் மஞ்சள் நிறத் தெளிநீர்; குலுங்கி இரத்தக் கலங்கள் உடைந்தால் அது சிவக்கும். அப்படிச் சிவந்த சீரத்தில் பொட்டாசியம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அவர் பேசாமல் எண்ணைப் பதிந்து அனுப்பியிருந்தால் நானும் நம்பியிருப்பேன். சீரம் பிரிக்கும் சிறிய இயந்திரம் ஒன்று எங்களுக்கு இரவலாகக் கிடைத்ததும் அவரால்தான். அரை மணி நேரம் உறையவிட்டு, பிறகு பத்து நிமிடம் சுற்றவிடுவோம். அதற்குப் பின் ஒரு குழாயும் சிவக்கவில்லை. சீனி பார்க்கும் இரத்தத்துக்கு ஏன் சாம்பல் மூடிக் குழாய் என்பதையும் அவரே விளக்கினார். அதில் உள்ள புளோரைட் இல்லாவிட்டால், காத்திருக்கும் நேரத்தில் கலங்களே சீனியைத் தின்றுவிடுமாம்.

ஆய்வுகளுக்கு அனுமதி தரும் ஒழுக்கநெறிக் குழு என் சம்மதப் படிவத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. அப்போது மனம் சோர்ந்துபோனேன். "பங்குபற்றுதலிலிருந்து விலகும் உரிமை தங்களுக்குண்டு" என்று எழுதியிருந்தேன். கிளினிக் தாதி அக்கா பக்கத்தில் இருந்து அதை மாற்றித் தந்தார்: "விருப்பமில்லாவிட்டால் எப்போதும் விலகலாம். உங்கள் மருந்தும் கவனிப்பும் குறையாது." மூதூரிலிருந்து வந்த ஓர் அம்மா முழுவதையும் வாசிக்கக் கேட்டுவிட்டு, "மகள், வேண்டாம் எண்டு சொன்னா கிளினிக் கொப்பியைப் பறிக்க மாட்டீங்கள்தானே?" என்றார். மாட்டோம் என்று அக்கா அவர் கையைப் பிடித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. குழு ஏன் அத்தனை கண்டிப்பாக இருந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

பெயர்களை நீக்கி இலக்கமிட்ட கோப்புகளைப் பூட்டிக் காத்த எழுதுவினைஞருக்கும், விடுபட்ட தரவுகளை என்ன செய்வதென்று மாலை மாலையாகச் சொல்லித் தந்த புள்ளிவிபரவியல் விரிவுரையாளருக்கும் நன்றி. அப்புறம், இரத்தம் கொடுத்து முடித்தவர்களுக்குச் சீனி போடாத பிளேன்டீயும் கிரீம் கிராக்கரும் தவறாமல் கொண்டுவந்த கன்டீன் தம்பிக்கும்.

கடைசியாக, இரவுச் சாப்பாட்டோடு வயிற்றைக் காயப்போட்டு, விடிய முதல் பஸ்ஸில் வெருகலிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்த அம்மாமார், ஐயாமார், உம்மாமார், வாப்பாமார் எல்லோருக்கும். முடிவுகள் வந்ததும் உங்கள் கிளினிக்கிலேயே, அக்கா திருத்தித் தந்த அந்தத் தமிழில், முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி