என் மாடியில் பெய்த மழையை எனக்கு நேரே சொல்லுங்கள்

வீட்டு வானிலை நிலையங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். நல்ல மழை ஒன்று பெய்தாலே தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற பகுதி. எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயின் உச்சியில், உங்களில் ஒருவர் செய்த வானிலை நிலையம் நாலு வருஷமாக நிற்கிறது. யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. என் மாடியில் அளந்த மழையை என் வீட்டுக்குள்ளேயே தராமல் இணையத்தைச் சுற்றித் தருகிற இந்தக் குறை ஒருவரோடு முடிந்துவிடவில்லை என்பதால்தான் எல்லாருக்குமாக இந்த மடல்.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். காற்றுக் கிண்ணங்கள் இன்றும் சத்தமில்லாமல் சுழல்கின்றன. மழைமானிக்குள் சீசா மாதிரி ஒரு குட்டி ஏற்றப்பலகை இருக்கிறதே, அதன் ஒரு பக்கத்தில் 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய தண்ணீர் சேர்ந்ததும் சாய்ந்து கொட்டிவிட்டு மறு பக்கத்தை நீட்டும். தூறல் நாளில் மாடிக்குப் போய்ப் பக்கத்தில் நின்றால் அந்த ‘டக்’ காதில் விழும். சில நாள் குடை பிடித்துக்கொண்டு அதைக் கேட்கவே நின்றிருக்கிறேன். (வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) மாடியில் கணக்கு சரியாகத்தான் நடக்கிறது. அது கீழே வந்து சேருகிற வழியில்தான் கோளாறு.

மாடியிலிருந்து ஹாலில் உள்ள கன்சோலுக்கு, அதாவது எண்களைக் காட்டும் திரைப் பெட்டிக்கு, ரேடியோ அலையில் சேதி வருகிறது. கன்சோல் அதை வைஃபையில் ரவுட்டருக்குத் தருகிறது. ரவுட்டர் இணையம் வழியாக, வெளிநாட்டில் எங்கோ இருக்கும் உங்கள் சர்வருக்கு அனுப்புகிறது. என் ஸ்மார்ட் ஹப், அதாவது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடி வீட்டுக் கருவிகளைச் சேர்த்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள், அந்தக் கன்சோலுக்கு நேர் கீழே டிவி அலமாரியில் இருக்கிறது. மழை எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் அது உங்கள் சர்வரிடம் போய்க் கேட்டு வர வேண்டும். கையெட்டும் தூரத்தில் இருக்கிற இரண்டு பெட்டிகள் பேசிக்கொள்ளக் கடல் தாண்டிப் போய் வருகின்றன. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான்.

சாதாரண நாளில் இது பெரிதாகத் தெரியாது. ஐந்து நிமிஷம் தாமதமாகத் தெரிந்தால் என்ன போயிற்று?

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே கடலில் மெல்ல ஊர்ந்துகொண்டு கொட்டித் தீர்த்த இரவு. அது மாதிரி நாளுக்காகவே ஹப்பில் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்பீக்கர் “வண்டியை மேலே ஏத்துங்க” என்று குரல் கொடுக்கும், சம்ப் (தரைக்கடித் தொட்டி) மோட்டாருக்கான ஸ்விட்ச் தானாக அணையும். தெருத் தண்ணீர் சம்புக்குள் இறங்கினால் அதை மோட்டார் மேல்தொட்டிக்கு ஏற்றிவிடக் கூடாது என்பதுதான் எண்ணம்.

ஒன்பது மணி வாக்கில் கேபிள் இணையம் போனது. கரன்ட் இருந்தது. ரவுட்டர் ஓடியது, ஹப் ஓடியது, மோட்டார் ஸ்விட்ச் ஹப்பின் சொல்லைக் கேட்கத் தயாராக இருந்தது. கன்சோல் திரையில் மழை எண் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறிக்கொண்டிருந்தது. ஹப்பில் மட்டும் மழைக்கு எதிரே ‘கிடைக்கவில்லை’ என்ற ஒரே சொல். அம்மா கன்சோலைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். எங்கள் ஸ்மார்ட் வீடு அன்றைக்கு அப்படித்தான் இயங்கியது.

நள்ளிரவுக்கு மேல் தரைத்தளத்துச் சாமான்களைப் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து மேல்தொட்டி குறைந்து, மோட்டார் தானாக ஓட ஆரம்பித்ததை யாரும் கவனிக்கவில்லை. சாக்கடை கலந்த தண்ணீர் மேலே போய்விட்டது. விடிகாலையில் கரன்டும் போனது. அடுத்த மூன்று நாள், ஊரெல்லாம் தண்ணீர், எங்கள் தொட்டி நிறையத் தண்ணீர், பல் விளக்க ஒரு சொம்பு இல்லை.

மோட்டார் மெயினை நீயே அணைத்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அணைக்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, இணையம் திரும்பியதும் தரவு தானாகச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. புயல் நாளில் முதலில் போவதே இணையம்தான். வானிலைக் கருவிக்கு முக்கியமான நாளும் அதுதான். இதை வடிவமைத்தவர் ஒரு மழைக்காலமாவது நனைந்திருப்பாரா என்று அன்றைக்கு யோசித்தேன்.

அதன் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் டிவி பார்ப்பதற்கென்று செய்த மலிவான யூஎஸ்பி டாங்கிள் ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் ஆர்டிஎல்2832யூ சிப்பை வைத்து பல வகை ரேடியோ அலைகளையும் கேட்கலாம் என்று 2012 வாக்கில் சிலர் கண்டுபிடித்தார்கள். அந்த டாங்கிளை ராஸ்பெர்ரி பையில் செருகி, அந்த அலைகளில் வரும் சென்சார் சேதியைப் படிக்கும் ஆர்டிஎல்_433 என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். என் நிலையம் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுகிற ரகம். (ஐரோப்பாவுக்கு 868, அமெரிக்காவுக்கு 915 என்று வேறு ரகங்களும் விற்கிறீர்கள்.) ஒரு நிமிஷத்துக்குள் திரையில் வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. கூடவே, பக்கத்து வீட்டுக் கார் உள்ளே நுழையும்போதெல்லாம் அதன் டயர் சென்சார் அனுப்பும் காற்றழுத்தமும் வந்தது. ஒரு சக்கரத்தில் காற்று குறைவு. அதை அவரிடம் எப்படிச் சொல்வது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ரெண்டு நாள் யோசித்துவிட்டு, “டயர் கொஞ்சம் அமுங்கின மாதிரி இருக்கே சார்” என்று மட்டும் சொன்னேன்.

அங்கிருந்து எம்க்யூடிடி (கருவிகள் சேதி பரிமாறிக்கொள்ளும் ஒரு முறை) வழியாக ஹப்புக்கு அனுப்பினேன். இப்போது மாடியில் சென்சார் பேசினால் சில நொடிகளில் ஹப்புக்குத் தெரிகிறது. இணையக் கம்பியைப் பிடுங்கிப் போட்டும் பார்த்துவிட்டேன்.

ஆனால் வாசல் இருக்கும்போது நான் ஜன்னல் வழியாக அல்லவா உள்ளே வந்திருக்கிறேன்? அந்த ரேடியோ சேதியில் எந்த பைட் எதைக் குறிக்கிறது என்று என் கருவியோடு வந்த கையேட்டில் ஒரு வரி இல்லை. முகம் தெரியாத யாரோ இரவெல்லாம் விழித்து, சென்சாரைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் வெயிலிலும் மாற்றி மாற்றி வைத்து, எந்த பிட் மாறுகிறது என்று பார்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பேட்டரி மாற்றினால் என் சென்சார் தன் அடையாள எண்ணைப் புதிதாக வைத்துக்கொள்கிறது. ஹப் அதை வேறு ஆள் என்று நினைத்து வெளியே நிறுத்திவிடுகிறது. நான் போய் அறிமுகம் செய்து வைக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இன்றைய மழை என்று நீங்கள் காட்டும் எண். உங்கள் கன்சோல் நள்ளிரவில் அதைப் பூஜ்ஜியமாக்குகிறது. நம் வானிலைத் துறைக்கு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. உலகப் பொது நேரத்தில் அது காலை 3 மணி. 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை என்று அவர்கள் வகுப்பதெல்லாம் இந்த 24 மணி நேரக் கணக்கில்தான். மிக்ஜாம் மழையை உங்கள் கன்சோல் நட்ட நடுவில் ரெண்டாக வெட்டிவிட்டது. மறுநாள் செய்தியில் சொன்ன எண்ணோடு என் எண் ஒத்துப்போகவே இல்லை. உன் மிஷினைவிட எங்க தாத்தா சொல்ற ‘ரெண்டு உழவு மழை’ தேவலாம்டா என்றான் நண்பன்.

இதைச் சரிசெய்வது ஹப்புக்குச் சின்ன வேலை. ஹோம் அசிஸ்டன்ட்டில் மீட்டர் மாதிரி ஒன்றை உருவாக்கி, தினமும் 8.30-க்குப் பூஜ்ஜியமாக்கு என்று சொல்லிவிடலாம். அதற்கு, பொருத்திய நாளிலிருந்து ஏறிக்கொண்டே வருகிற மொத்த எண் வேண்டும். சென்சார் அனுப்புவது அந்த எண்ணைத்தான், டாங்கிளில் பார்த்தேன். உங்கள் சர்வரோ அதை வைத்துக்கொண்டு ‘இன்றைய மழை’யை மட்டும் எனக்குத் தருகிறது. அரிசியை எடுத்துக்கொண்டு சோற்றை அளந்து போடுகிறீர்கள். நான் அதில் பொங்கலும் செய்வேன், மாவும் அரைப்பேன்.

முடியாததைக் கேட்கவில்லை. உங்கள் தொழிலிலேயே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈக்கோவிட் நிறுவனத்தின் கேட்வேயில் (சென்சார் சேதியை வாங்கி நெட்வொர்க்குக்குத் தரும் பெட்டி) சொந்த சர்வர் முகவரி போட ஓர் இடம் உண்டு. அங்கே ஹப்பின் முகவரியைக் கொடுத்தால் நேரே வந்து கொட்டும். (அது பூட்டில்லாத எச்டிடிபியில் மட்டும் பேசும், பூட்டுள்ள எச்டிடிபிஎஸ் பேசாது. ஹப்பை எச்டிடிபிஎஸ்ஸில் பூட்டி வைத்தவர்கள் முதல் நாள் திண்டாடுவார்கள்.) டெம்பஸ்ட் என்ற வானிலை நிலையம் தன் அளவுகளை வீட்டு நெட்வொர்க்குக்குள் யூடிபி என்ற முறையில் எல்லாருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறது. டேவிஸ் நிறுவனத்தின் வெதர்லிங்க் லைவ் பெட்டியிடம் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டு வாங்கலாம், எப்படிக் கேட்பது என்று அவர்களே ஆவணம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பாதுகாப்பு என்று சொல்வீர்கள். என் வீட்டுச் சுவருக்குள், படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கடவுச்சொல் வேண்டுமா, வையுங்கள், தட்டிக்கொள்கிறேன். சர்வரை மூடச் சொல்லவும் இல்லை. துபாயில் இருக்கும் என் தம்பி அதில்தான் நம் வீட்டு மழையைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு போன் போடுகிறான். ஆனால் சர்வர் எப்போதும் இப்படியே இருக்கும் என்று எங்களை நம்பச் சொல்லாதீர்கள். வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற வானிலை இணையதளம் 2018-ல் இலவச ஏபிஐ சாவி (மென்பொருள் தரவைக் கேட்டு வாங்குவதற்கான அனுமதிக் குறியீடு) கொடுப்பதை நிறுத்தியபோது, அதை நம்பி எழுதி வைத்த ஏற்பாடுகள் எத்தனையோ பேர் வீட்டில் நின்றுபோயின. தங்கள் நிலையத்துத் தரவை அனுப்பி வைப்பவர்களுக்குப் பிறகு வேறு சாவி கொடுத்தார்கள். அப்போதும் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

ஆகவே கேட்பது இதுதான். கன்சோலுக்கு அடுத்த மென்பொருள் புதுப்பிப்பு அனுப்பும்போது, வீட்டுக்குள்ளேயே தரவைத் தருகிற வழி ஒன்றைத் திறந்துவிடுங்கள். மழைக்கு மொத்த எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். ரேடியோ சேதியின் அமைப்பை ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். அதுவரைக்கும், தயவுசெய்து, அதைப் பூட்டி இந்த டாங்கிள் ஜன்னலையும் அடைத்துவிடாதீர்கள். அப்புறம் அந்த அட்டைப் பெட்டி. ‘ஸ்மார்ட் ஹோமுடன் இணையும்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிற இடத்துக்குக் கீழே, இணையம் இல்லாதபோதும் இணையுமா, இணையாதா என்று ஒரு வரி அச்சிடுங்கள். கடையில் அதைப் படித்துவிட்டு வாங்குவோம்.

வடகிழக்குப் பருவமழை எங்களுக்கு அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்து மொட்டை மாடிக்காரன்

பி.கு.: மழைமானிப் புனலுக்கு ஒரு சின்ன வலையும் போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். போன ஆவணியில் மூன்று நாள் மழை பெய்தும் எண் அசையவில்லையே என்று ஹப், எம்க்யூடிடி, டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். கடைசியில் மேலே ஏறித் திறந்து பார்த்தால், அந்தக் குட்டி ஏற்றப்பலகைக்கு அடியில் பல்லி ரெண்டு முட்டை வைத்திருந்தது.