புளிக்குப் பழகிய கை

காட்பாடி,
அக்டோபர் கடைசி

அன்புள்ள சம்பத்,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதமும் படங்களும் வந்தன. பெரியவளுக்கு வேலை கிடைத்த சேதியை அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார்கள். இந்த வருஷம் மழை பரவாயில்லை, பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது. சாயந்திரமானால் பாலத்தில் நின்று பார்க்க ஒரு கூட்டம்.

சரி, உன் மரத்துக்கு வருகிறேன். கனடாவில், உன் கால்கரி வீட்டுக்கு, வசந்தத்தில் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம் வாங்கினாய். அந்த வாரமே கிளைகளைப் பாதிக்குப் பாதி கவாத்து செய்து, வேர் மண்ணை எல்லாம் குழாயடியில் கழுவி, தட்டையான போன்சாய்ச் சட்டியில் வைத்து, மிச்சக் கிளைகளுக்குக் கம்பியும் கட்டிவிட்டாய். ஜூலை வரை பச்சையாக இருந்த மரம் அப்புறம் திடீரென்று பழுத்துக் கொட்டியதே, கோடையில் என்ன தப்பு செய்தேன் என்று கேட்கிறாய். கோடையில் நீ ஒன்றும் செய்யவில்லை. அடி விழுந்தது வசந்தத்தில். ஊசியிலை மரங்களுக்கு வேர் போனாலும் உடனே தெரியாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட இலை பச்சையாகவே நிற்கும். பழுப்பு கண்ணில் படும்போது சங்கதி பழசாகியிருக்கும்.

உன் கை புளிக்கும் ஆலுக்கும் பழகிய கை. கோட்டைச் சுவர் இடுக்கில் அரசங்கன்றை வெட்ட வெட்ட முளைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். என் மொட்டை மாடியில் இருக்கும் புளியை வெறும் கட்டையாக வெட்டினாலும் தண்ணீரும் வெயிலும் இருந்தால் சில வாரத்தில் பட்டையைக் கிழித்துக்கொண்டு துளிர் வரும். வெட்டினால் தழையும் என்பது நம் ஊர் மரங்களுக்குச் சரி. ஸ்ப்ரூஸ், இலை உதிர்ந்த பழைய கட்டையிலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது. அதனால் கிளையைக் குறைக்கும்போது, நிற்கப்போகும் துண்டில் பச்சை இலையும் மொட்டும் இருக்கும்படிதான் வெட்ட வேண்டும். இரண்டாவது படத்தில் இடது பக்கக் கிளையை நீ வெட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு ஊசிகூட இல்லை. அந்தக் கிளை துளிர்க்கும் என்று எதிர்பார்க்காதே.

ஆனால் உடனே அறுத்தும் எறியாதே. அது செத்துவிட்டது என்று நிச்சயமானபின் பட்டையை உரித்து, வெளுத்த கட்டையாக அப்படியே விட்டுவிடலாம். ஜப்பானியர்கள் அதை ஜின் என்பார்கள். மலையில் பனியும் காற்றும் தின்ற கிழட்டு ஸ்ப்ரூஸ்களில் அப்படிக் காய்ந்த கிளைகள் நிறைய இருக்கும், அதனால் உன் மரத்துக்கும் பொருந்தும்.

வேர் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. அந்த மண்ணில் வெள்ளை நூல்போல ஓடியிருந்ததைப் பூசணம் என்று நினைத்துக் கழுவினேன் என்று எழுதியிருந்தாய். அது பெரும்பாலும் வேரோடு கூடி வாழ்ந்து, தண்ணீரும் சத்தும் இழுத்துக் கொடுக்கும் பூஞ்சையாகத்தான் இருந்திருக்கும். அடுத்த முறை சட்டி மாற்றும்போது பாதி மண்ணை மட்டும் மாற்று. மறுபாதி இரண்டு மூன்று வருஷம் கழித்து. சட்டி மாற்றிய வருஷம் பெரிய கவாத்து வேண்டவே வேண்டாம்.

கம்பியை மூன்று மாதத்தில் கழற்றியதும் கிளை பழையபடி மேலே போய்விட்டது என்கிறாய். ஸ்ப்ரூஸ் கிளை வில் மாதிரி, லேசில் படியாது. ஒரு வருஷம், சிலதுக்கு இன்னும் அதிகம் ஆகும். கம்பி பட்டையில் பதிய ஆரம்பித்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டு. கிளையைக் கீழ்நோக்கி இறக்க நினைத்தாயே, அது நல்ல யோசனை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். மரத்தை வீட்டுக்குள் கொண்டு போகாதே. உள்ளே வைத்தால் காப்பாற்றலாம் என்று தோன்றும், ஆனால் குளிர்காலத் தூக்கம் இல்லாமல் ஸ்ப்ரூஸ் பிழைக்காது. ஏலகிரியில் வளருமா என்று கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில்: உயரம் 1,000 மீட்டருக்கு மேல் இருந்தும் அங்கே உறைபனிக் காலம் கிடையாது. அதே சமயம் கிளை தாங்கும் குளிரைச் சட்டியிலுள்ள வேர் தாங்காது. நிலம் இறுகுமுன் தோட்டத்தில் குழி வெட்டி, சட்டியை விளிம்பு வரை புதைத்து, மேலே சருகைக் குவி. பனி விழுந்து மூடினால் இன்னும் நல்லது. கால்கரியில் நடுக்குளிரில் அடிக்கும் அந்தச் சினூக் வெதுகாற்றுக்கும் வெயிலுக்கும் நேரே வைக்காதே. வேர் உறைந்து கிடக்கும்போது இலை ஈரத்தை இழந்தால், ஈடுசெய்ய வழியே இல்லை.

உன்னுடையது அந்த மண்ணின் மரம், தெரியுமா? இந்தக் குட்டை ரகத்தை 1904-இல் லேக் லூயிஸ் பக்கத்தில்தான் அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரத் தோட்டத்தின் ஆல்ஃபிரட் ரேடரும் ஜாக்கும் கண்டெடுத்தார்கள். உன் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். வருஷத்துக்குச் சில அங்குலம்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது.

மரம் உயிரோடிருக்கிறதா என்று தெரிய, நுனி மொட்டை விரலால் மெதுவாக அழுத்திப் பார். கெட்டியாக இருந்தால் நம்பிக்கை உண்டு, பொடிந்தால் அந்தக் கிளை போனது. அடிமரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினால் பட்டைக்கடியில் பச்சை தெரியவேண்டும். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டு. தூசி நகர்ந்தால் அது சிலந்திப் பேன். இந்த மரத்தை அது விடாது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சட்டியைப் புதைத்ததும் ஒரு படம், மே மாதம் மொட்டு விரியும்போது ஒரு படம் அனுப்பு. நுனியை மட்டும் எடுக்காதே, தண்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளைகளையும் எடு. எதை விட்டு எதை வெட்டுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
குமரேசன்