வேப்பிலை அடிக்குக் கைதட்டல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் திரை விமர்சனத்தில், பேய் பிடித்த மருமகளை வேப்பிலையால் அடித்து ஓட்டும் காட்சியில் 'தியேட்டரே கலகலக்கிறது, குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தீர்கள். என் அக்காவும் நானும் உங்கள் இதழைச் சேர்ந்துதான் படிப்போம். அந்தப் பக்கத்தை மட்டும் அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன்.

1988இல் அக்காவுக்கு இரண்டாவது பிரசவம். பத்தாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை. தொட்டிலைப் பார்த்து 'இது என் பிள்ளை இல்லை' என்றார். யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி நடுராத்திரியில் வாசற்கதவைத் திறந்தார். பச்சை உடம்புக்காரியை, உடுக்கையடித்துப் பேயோட்டும் கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே 'நீ யார், எந்த ஊர்' என்று கேட்டுக் கேட்டு அடி. தெருக்கோடியில் தூக்குப் போட்டுச் செத்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, 'போய்விடுகிறேன்' என்று கதறினார். உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தார்கள். பேய் இறங்கிவிட்டது என்று ஊரே நம்பியது. பதினாறு வயதில் நானும் நம்பினேன். பல வருடம் கழித்துத்தான் அக்கா சொன்னார்: 'ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் அடி நிற்கும் என்று புரிந்தது. சொன்னேன்.' அவரைத் தேற்றியது அரசு ஆஸ்பத்திரியின் மனநல வார்டும் மாத்திரையும்தான். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வருகிற நோய் என்று அங்கேதான் முதலில் கேள்விப்பட்டோம்.

இதில் கலகலக்க என்ன இருக்கிறது ஐயா?

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதும் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களே இப்படி எழுதினால் தெரியாதவர்களிடம் நான் எதைச் சொல்வது?

சினிமாவில் பேய் என்றால் பெரும்பாலும் பெண். அவளும் அயல்மொழி பேசுகிறவள். 1993இல் வந்த மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் பழிவாங்க வருகிறவள் தஞ்சாவூர்த் தமிழ் நாட்டியக்காரி. அதே கதை 2005இல் தமிழில் 'சந்திரமுகி' ஆனபோது அவள் தெலுங்கு பேசினாள். 2007இல் இந்திக்குப் போனபோது வங்காளி ஆனாள். நோய் என்று சொல்ல ஒரு மனநல மருத்துவரை அந்தக் கதையில் வைத்திருந்தார்கள். ஆனாலும் எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் பிள்ளைகள் முடியை விரித்துக்கொண்டு ஆடிக் காட்டியது அந்த நாட்டியக்காரியைத்தான். பேயை ஓட்டவும் கேரளத்திலிருந்து ஒரு மாந்திரீகர் வர வேண்டும். இல்லையென்றால் உடம்பெல்லாம் கரி பூசிய ஒரு மலைவாசி. மலையில் இருக்கிறவர்களுக்குப் படிப்பு, வேலை, ரேஷன் கார்டு எதுவும் இல்லையா? எங்கள் தெருவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் திருநங்கையைப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சினிமாப் பேயின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார். இதையெல்லாம் உங்கள் விமர்சனங்களில் ஒரு வரி யாராவது கேட்டதுண்டா? இருபது வருட வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன்.

படம் எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. திரையில் ஒருவர் சிகரெட் பற்ற வைத்தால் கீழே எச்சரிக்கை வருகிறது. ஒரு பெண்ணை அடித்துப் பேய் ஓட்டினால் ஒன்றும் வருவதில்லை. இனி இப்படிப்பட்ட படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, அதன் அடியில் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416ஐ ஒரு வரியில் அச்சிடுங்கள். 1988இல் எங்கள் வீட்டில் யாரிடமும் அப்படி ஒரு எண் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர்.